கனி பறிக்கும் இயந்திரக் கை: யாருக்காக, எந்தத் தோட்டத்துக்காக?

உழவுக்கு டிராக்டர் வந்தது. நீர் இறைக்க மின்மோட்டார் வந்தது. கோதுமையையும் நெல்லையும் அறுக்க அறுவடை இயந்திரம் வந்தது. ஆயினும் மரத்தில் தொங்கும் ஒரு மாங்கனியைக் காயம் படாமல் பறித்துக் கூடையில் வைப்பதற்கு இன்றளவும் மனிதரின் கையே வேண்டியிருக்கிறது. இரத்தினகிரியின் மாந்தோப்பிலும், சிம்லா மலைச்சரிவின் ஆப்பிள் தோட்டத்திலும், நாக்பூரின் ஆரஞ்சுத் தோட்டத்திலும் நிலைமை ஒன்றே. இக்குறையைப் போக்கப் பல நாடுகளின் பொறியாளர்கள் பழம் பறிக்கும் ரோபோக்களை வடிவமைத்து வருகின்றனர். தோட்டவேலைக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வரும் இந்நாளில், அம்முயற்சிகளை நம் நாட்டுப் பழ விவசாயிகளும் ஆவலோடு கவனித்து வருகின்றனர்.

இம்முயற்சி வரவேற்கத்தக்கது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எத்தகைய கருவி, எந்தத் தோட்டத்துக்கு, யாருடைய உடைமையாக என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாமல் விலையுயர்ந்த இயந்திரத்தைக் கடன்பட்டு வாங்குவது நன்மை தராது என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து. பிற நாடுகளின் அனுபவமும் நம் தோட்டங்களின் இயல்பும் அக்கருத்தையே உறுதிப்படுத்துகின்றன.

எளிய வேலையின் அருமை

பழம் பறித்தல் பார்வைக்கு எளிய வேலை. அதைப் பகுத்துப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். இலைகளுக்கிடையே பழத்தைக் கண்டறிய வேண்டும். அது பறிக்கும் பருவத்தை எட்டியதா என முடிவு செய்ய வேண்டும். கிளைகளில் மோதாமல் கையை நீட்ட வேண்டும். காம்புக்கும் பழத்துக்கும் ஊறு நேராமல் பிரிக்க வேண்டும். பின்னர் அடிபடாமல் கூடையில் இறக்க வேண்டும். இவ்வைந்தையும் கைதேர்ந்த தொழிலாளி சில விநாடிகளில் முடித்துவிடுகிறார். கணினிக்குச் சதுரங்கம் கற்பிப்பது எளிது, ஒரு வயதுக் குழந்தையின் பார்வையையும் கைத்திறனையும் கற்பிப்பது கடினம் என்று ரோபோவியல் அறிஞர் ஹான்ஸ் மொராவெக் 1980களில் சுட்டிக்காட்டினார். பழத்தோட்டத்தில் அவ்வுண்மையைக் கண்கூடாகக் காணலாம்.

பழத்துக்குப் பழம் தேவையும் வேறுபடுகிறது. ஆப்பிளை நேராக இழுத்தால் காம்பு பிய்ந்துவிடும். அல்லது அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய குறுங்கிளை ஒடிந்துவிடும். ஆகவே அதைச் சற்றே உயர்த்தித் திருகிப் பறிக்கின்றனர். மாங்காயைத் திருகிப் பறித்தால் காம்பின் அடியிலிருந்து பீறிடும் பால் தோலில் பட்டுக் கருந்தழும்பாகிவிடும். அத்தழும்பு ஏற்றுமதிச் சந்தையில் விலையைக் குறைக்கும். ஆகவே மாங்காயைச் சிறிதளவு காம்போடு வெட்டியெடுத்தல் வேண்டும். திராட்சையைக் குலையாகவே வெட்ட வேண்டும்; ஸ்ட்ராபெரியின் சதையைத் தொடாமல் காம்பை மட்டும் பற்ற வேண்டும். ஒரே இரும்புக் கை இவை அனைத்துக்கும் உதவாது.

பருவம் அறிவதும் அவ்வாறே. ஆப்பிள் சிவப்பதைக் கேமராவால் எளிதில் கண்டுகொள்ள இயலும். நம் மாம்பழமோ பச்சையாக இருக்கும்போதே முற்றிய காயாகப் பறிக்கப்பட்டு, பின்னரே பழுக்க வைக்கப்படுகிறது. காம்பருகே தோள் திரண்டிருக்கிறதா, கன்னம் உருண்டிருக்கிறதா எனக் கண்டு முற்றலை முடிவு செய்வது தலைமுறை தலைமுறையாக வந்த தோட்டக்காரரின் அறிவு. அகச்சிவப்புக்கு அண்மையான ஒளிக்கதிரைப் பாய்ச்சிக் காயின் உலர்பொருள் அளவை அறியும் கைக்கருவிகள் ஆஸ்திரேலிய மாந்தோப்புகளில் பயன்படுகின்றன. அத்தகைய அறிவை இயந்திரத்துக்கு ஊட்டாமல் நிறத்தை மட்டும் நம்பினால், பிஞ்சும் முற்றலும் ஒரே கூடையில் விழும்.

அரை நூற்றாண்டுத் தேடல்

ஆரஞ்சு போன்ற பழங்களை இயந்திரத்தால் ஒவ்வொன்றாகப் பறிக்கலாம் என்ற எண்ணத்தை அமெரிக்கப் பொறியாளர்களான ஷெர்ட்ஸும் பிரவுனும் 1968இல் வெளியிட்டனர். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. 30 ஆண்டுகளில் உருவான 50 அறுவடை ரோபோ முயற்சிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, அவை சராசரியாக 100 பழங்களில் 66ஐ மட்டுமே வெற்றியுடன் பறித்தன என்றும், ஒரு பழத்துக்கு 33 விநாடிகள் எடுத்துக்கொண்டன என்றும் தெரிவித்தது.

2020இல் வெளியான மற்றொரு முடிவு இன்னும் பொருள் பொதிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் உருவான 'ஸ்வீப்பர்' என்னும் குடைமிளகாய் பறிக்கும் ரோபோ, வணிகப் பசுமைக்குடிலில் சோதிக்கப்பட்டது. செடிகள் வழக்கம்போல் வளர்ந்திருந்த நிலையில் அதன் வெற்றி 18 விழுக்காடு. காய்களை மறைக்கும் இலைகளும் குலைகளும் அகற்றப்பட்டு, இயந்திரத்துக்கு ஏற்ற நிலை அமைந்தபோது வெற்றி 61 விழுக்காடாக உயர்ந்தது. இயந்திரம் அதுவே, மாறியது செடியின் அமைப்பு மட்டுமே. கருவியைத் தனியே வடிவமைத்தால் போதாது, தோட்டத்தையும் உடன் வடிவமைக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் கூற இயலாது.

அவ்வேகத்தின் பொருளாதாரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்வீப்பருக்கு ஒரு காய்க்குச் சராசரியாக 24 விநாடிகள் ஆயின. அதே வேகத்தில் மாங்காய் பறிப்பதாகக் கொண்டால் மணிக்கு 150 காய்கள். ஒரு காய் கால் கிலோ எனில் 37.5 கிலோ. எட்டு மணி நேரத்தில் 300 கிலோ. அதன்பிறகும் மூன்றில் ஒரு பங்கு காய் மரத்திலேயே நின்றால், அதைப் பறிக்க மீண்டும் ஆட்களை அழைக்க வேண்டும். இயந்திரத்துக்கும் கூலிக்குமாக இருமுறை செலவாகும்.

கரைந்துபோன முதலீடுகள்

தொழில்நுட்பம் வென்றாலும் தொழில் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. கலிபோர்னியாவின் 'அபண்டன்ட் ரோபாட்டிக்ஸ்' நிறுவனம், ஆப்பிளைக் காற்றுக் குழாயால் உறிஞ்சிப் பறிக்கும் இயந்திரத்தை உருவாக்கியது. நியூசிலாந்தில் 2019இல் அது வணிக அளவில் அறுவடையும் செய்தது. அங்குள்ள தோட்டத்தில் மரங்கள் ரோபோவுக்கு ஏற்பக் கம்பிப் பந்தலில் சுவர்போலப் படர்த்தி வளர்க்கப்பட்டிருந்தன. உலகமே வியந்து பார்த்த அந்நிறுவனம், போதிய முதலீடு திரட்ட இயலாமல் 2021இல் மூடப்பட்டது.

அதே 2021இல் அமெரிக்காவின் 'ஆப்ஹார்வெஸ்ட்' என்னும் பசுமைக்குடில் வேளாண் நிறுவனம், தக்காளி பறிக்கும் ரோபோவை உருவாக்கிய 'ரூட் ஏஐ' நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 2023இல் ஆப்ஹார்வெஸ்ட் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் வீழ்ச்சிக்குப் பிற காரணங்களும் உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு: இயந்திரத்தை விற்ற நிறுவனம் மறைந்துவிட்டால், வாங்கியவரிடம் எஞ்சுவது உதிரிபாகம் கிடைக்காத இரும்பும் தீராத தவணையும்தான். பெரும் முதலீட்டாளர்களின் நட்டத்தை அவர்கள் தாங்கிக்கொள்வர். இரண்டு ஏக்கர் தோப்பை ஈடுவைத்தவரால் அது இயலாது.

தக்காளி கற்பித்த பாடம்

கருவி எவ்வாறு சமூகத்தையே மாற்றிவிடும் என்பதற்குக் கலிபோர்னியாவின் தக்காளி அறுவடை இயந்திரம் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கோபி லோரன்சன் என்னும் பொறியாளர் இயந்திரத்தை உருவாக்க, ஜாக் ஹன்னா என்னும் பயிர்ப்பெருக்க அறிஞர் அவ்வியந்திரத்தின் பிடியைத் தாங்கும் உறுதியான தக்காளி இரகத்தை உருவாக்கினார். மெக்சிகோத் தொழிலாளர்களை அழைத்துவரும் ஏற்பாடு 1964இல் முடிவுக்கு வந்ததும், பதப்படுத்தும் ஆலைகளுக்குத் தக்காளி பயிரிட்ட பண்ணைகள் அவ்வியந்திரத்துக்கு விரைந்து மாறின.

உற்பத்தி பெருகியது; தொழிலும் அம்மாநிலத்தை விட்டு அகலவில்லை. ஆனால் விலையுயர்ந்த அவ்வியந்திரம் பெரும் பண்ணைகளுக்கே கட்டுபடியாயிற்று. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000ஆக இருந்த தக்காளி விவசாயிகளின் எண்ணிக்கை 1973இல் ஏறத்தாழ 600ஆகச் சுருங்கியதென்றும், அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 32,000 வேலைகள் மறைந்தன என்றும் சிந்தனையாளர் லாங்டன் வின்னர் 1980இல் எழுதினார். பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி சிலருக்கே பயன்பட்டது என்று கூறி 1979இல் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கும் தொடுக்கப்பட்டது.

இயந்திரமே கூடாது என்று வாதிடுவதற்காக இதனை நாம் நினைவூட்டவில்லை. வடிவமைப்பு மேசையில் தீர்மானிக்கப்படும் அளவும் விலையுமே, பின்னாளில் யார் விவசாயியாக நீடிப்பார் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அம்மேசையில் சிறு விவசாயியின் தேவையும் பறிக்கும் தொழிலாளியின் தேவையும் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

நம் தோட்டத்தின் அளவு

2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர். உடைமைகளில் 86 விழுக்காட்டுக்கு மேல் சிறு, குறு விவசாயிகளுடையவை. உலகில் மிகுதியாக மாம்பழம் விளைவிக்கும் நாடு நம்முடையது. ஆனால் அம்மாமரங்களில் பல, நம் பாட்டன்மார் நட்டவை. வானளாவ ஓங்கிக் கிளை பரப்பி நிற்பவை. கம்பிப் பந்தலில் படர்ந்த நியூசிலாந்து ஆப்பிளுக்காகச் செய்த இயந்திரம் மலிகாபாத்தின் முதிய தசேரி மரத்தடியில் செய்வதறியாது நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 10 இலட்சம் ரூபாய் விலையுள்ள இயந்திரம் ஒன்று ஐந்தாண்டுகள் உழைக்கும் என்று கொள்வோம். ஒரே தோட்டத்தில், ஒரே பழத்துக்கு, ஆண்டுக்கு 60 நாட்கள் மட்டும் பயன்பட்டால் மொத்தம் 300 நாட்கள். வட்டி, பராமரிப்பு, இயக்குபவரின் ஊதியம் ஆகியவற்றைச் சேர்க்காமலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,333 ரூபாய் ஆகிறது. அதே இயந்திரம் ஊர்விட்டு ஊர் சென்று ஆண்டுக்கு 180 நாட்கள் உழைத்தால் நாட்செலவு ஏறத்தாழ 1,111 ரூபாயாகக் குறைகிறது. இலாபமும் நட்டமும் இயந்திரத்தின் திறமையைப் போலவே அது உழைக்கும் நாட்களின் எண்ணிக்கையையும் பொறுத்தவை.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. பஞ்சாபின் கோதுமை அறுவடை இயந்திரங்கள் கதிர் முற்றும் காலத்தைப் பின்பற்றி மாநிலம் விட்டு மாநிலம் சென்று வாடகைக்கு அறுவடை செய்கின்றன. பழங்களுக்கும் அத்தகைய காலவரிசை அமைந்துள்ளது. கொங்கணத்தின் அல்போன்சா மாம்பழப் பருவம் மார்ச் முதல் மே வரை. உத்தரப் பிரதேசத்தின் தசேரி அதன்பின் ஜூன், ஜூலையில். இமாசலத்தின் ஆப்பிள் ஜூலை தொடங்கி இலையுதிர் காலம் வரை. இவ்வரிசையைப் பயன்படுத்த வேண்டுமானால், வண்டியும் கேமராவும் நீளும் கரமும் பொதுவாக இருக்க, முனையிலுள்ள பறிக்கும் கையை மட்டும் பழத்துக்கேற்பக் கழற்றி மாட்டும் வகையில் கருவி அமைய வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளும் வேளாண் பல்கலைக்கழகங்களும் கவனம் செலுத்த வேண்டிய முதற்பணி இதுவே என்று நாம் கருதுகிறோம்.

மரத்தையும் கருவிக்கேற்ப அமைக்கலாம். முதிர்ந்த மாமரங்களைக் கவாத்து செய்து தாழ்த்திப் புதுப்பிக்கும் முறையில் இலக்னோவிலுள்ள மத்திய மித வெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் நெடுநாள் பணியாற்றியுள்ளது. 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 மரங்கள். அடர்நடவு முறையில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏறத்தாழ 674 மரங்கள். தாழ்வாக வளர்க்கப்படும் அம்மரங்களில் இன்று மனிதர் ஏணியின்றிப் பறிக்கின்றனர். நாளை இயந்திரமும் பறிக்க இயலும். ஆகவே மரத்தைத் தாழ்த்தும் செலவு, ரோபோ வந்தாலும் வராவிட்டாலும் வீண்போகாத முதலீடு.

துறட்டியை மறக்கலாகாது

ரோபோ என்றதும் மனிதரே இல்லாத தோட்டத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மனிதரின் கையை நீட்டித்துத் தரும் கருவிகளே நமக்கு உடனடித் தேவை. தாபோலியிலுள்ள கொங்கண வேளாண் பல்கலைக்கழகம் 'நூதன் ஜேலா' என்னும் மாங்காய் பறிக்கும் கருவியை உருவாக்கியது. நீண்ட கழியின் முனையில் கத்தியும் வலையும் கொண்ட அக்கருவி, காயைக் காம்போடு வெட்டி வலைக்குள் ஏந்திக்கொள்கிறது. நம் துறட்டியின் திருந்திய வடிவம் அது. மின்சாரமோ மென்பொருளோ வேண்டாதது. பழம் தரையில் விழாமையும் காம்பு நீங்காமையும் அதனால் கைகூடின. இலட்சக்கணக்கில் விலை கூறும் எந்த இயந்திரமும் முதலில் இக்கருவியோடு போட்டியிட்டு வெல்லட்டும்.

தென்னையில் தேவை இன்னும் கூர்மையானது; அங்கே பொருளோடு உயிரும் பணயமாகிறது. மரமேறுவோர் குறைந்து வந்த நிலையில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மர நண்பர்கள்' என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, காலால் மிதித்து ஏறும் எளிய கருவியில் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளித்தது. பின்னர் கேரளத்தின் அமிர்தா விசுவ வித்யாபீடத்து ஆய்வாளர்கள் 'அமரன்' என்னும் ரோபோவை உருவாக்கினர். தண்டைச் சுற்றிய வளையமாக அது மரமேற, கீழே நிற்பவர் அதன் வெட்டும் கையைத் தொலைவிலிருந்து இயக்குகிறார். வேகத்தில் கைதேர்ந்த மரமேறியை அது விஞ்சவில்லை. ஆயினும் இயக்குபவரின் கால்கள் தரையில் இருக்கின்றன. ஒரு விழுகையால் ஒரு குடும்பம் நிலைகுலையும் தொழிலில், அவ்வொரு பயனே ஆயிரம் பயன்களுக்குச் சமம்.

பழம் பறிப்போர் இல்லாமலா போய்விட்டார்கள், அவர்கள் பிழைப்பைப் பறிப்பது அறமா என்று கேட்போர் உண்டு. ஆள் கிடைக்காமல் பழம் மரத்திலேயே அழுகுவது மட்டும் நியாயமா என்று எதிர்வினா எழுப்புவோரும் உண்டு. இரண்டும் மெய்யான கவலைகளே. இமாசலத்தின் ஆப்பிள் பருவம் நேபாளத்திலிருந்து வரும் தொழிலாளர்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அவர்கள் வாராத ஆண்டில் தோட்டக்காரர் தவிக்கிறார், வந்தவருக்கோ ஆபத்தான சரிவில் பளுவான பெட்டியே பங்காகிறது. பெட்டி சுமக்கும் கம்பிவழி ஊர்தி, உயர்த்தும் மேடை, தரையிலிருந்து இயக்கும் கை ஆகியவை இருவருக்கும் பொதுவான நன்மை. அவற்றை இயக்கும் பயிற்சியை இன்று பறிப்போருக்கே முதலில் அளித்தால், வேலை மறையாமல் தரம் உயரும்; கூலியும் உயரும்.

இழப்பு எங்கே நேர்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடையிலும் அதற்குப் பின்னும் கொய்யாவில் 15.88 விழுக்காடும், ஆப்பிளில் 10.39 விழுக்காடும், மாம்பழத்தில் 9.16 விழுக்காடும் வீணாயின. பறித்தல் அதில் ஒரு கண்ணி மட்டுமே. தரம் பிரித்தல், பெட்டியிடல், குளிர்காப்பு, போக்குவரத்து ஆகியவை சீராகாமல், பறிப்பதை மட்டும் விரைவாக்கினால் பழம் மரத்தில் அழுகாமல் மண்டியில் அழுகும்.

கடன் வாங்குமுன் கேட்க வேண்டியவை

பழத்தோட்டம் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்கள் புதிய கருவியில் பணம் போடுமுன் சில வினாக்களை எழுப்புதல் நலம்.

முதலாவது, கருவியின் செயல்விளக்கம் எங்கே நடந்தது? கண்காட்சி மேடையில் நடந்ததைக் கணக்கில் கொள்ளாமல், தம் தோட்டத்தில், தம் மரத்தில், நண்பகல் வெயிலிலும் காற்றிலும் பறித்துக் காட்டுமாறு கேட்க வேண்டும்.

இரண்டாவது, 100 பழங்களில் எத்தனை பறிபட்டன, அவற்றில் எத்தனை காயமின்றிக் காம்போடு வந்தன? வேகத்தைவிட இவ்விரண்டு எண்களே விலையைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது, பருவத்தின் நடுவில் பழுதானால் எத்தனை நாளில் சரியாகும்? உள்ளூர் மெக்கானிக் கைவைக்க இயலுமா, அல்லது மென்பொருள் பூட்டைத் திறக்க விற்றவரையே நாட வேண்டுமா? பத்து நாள் தாமதம் என்பது பழத்தோட்டத்தில் ஓராண்டு வருமானம்.

நான்காவது, சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது போதுமானதா? 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் வாடகை மையங்கள் அமைக்க மானியம் அளிக்கிறது. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டம் 2020இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஒரு இலட்சம் கோடி ரூபாய் அளவில் அறிவிக்கப்பட்ட வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை ஏழாண்டுகள் வரை கிடைக்கிறது. எந்தத் திட்டம் எவருக்குப் பொருந்தும் என்பதைக் கிளை அலுவலரிடம் கேட்டறிந்து முடிவு செய்யலாம். நூறு விவசாயிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கருவி, தனியொருவர் கடன்பட்டு வாங்கிக் கொட்டகையில் பத்து மாதம் பூட்டிவைக்கும் கருவியைவிட அனைவருக்கும் நல்லது.

வங்கிகளுக்கும் இதில் கடமை உண்டு. இயந்திரத்தின் விலைப்பட்டியலை மட்டும் பார்த்துக் கடன் வழங்கினால் போதாது. அது ஆண்டுக்கு எத்தனை நாள் உழைக்கும், பழம் விற்றுப் பணம் வரும் மாதம் எது என்பவற்றையும் கணித்து, தவணையைப் பருவத்தோடு பொருத்த வேண்டும். மாம்பழ விவசாயியின் கையில் பணம் புழங்குவது கோடையில். ஆப்பிள் விவசாயிக்கு அது இலையுதிர் காலத்தில். இருவருக்கும் ஒரே தவணை நாள் பொருந்தாது.

பழம் பறிக்கும் ரோபோ என்றேனும் ஒருநாள் நம் தோட்டங்களுக்கு வரத்தான் போகிறது. அதுவரை காத்திருக்கும் காலத்தை நாம் வீணாக்க வேண்டியதில்லை. மரங்களைத் தாழ்த்தலாம், நல்ல கைக்கருவிகளைப் பரப்பலாம், பறிப்போருக்குப் பயிற்சி அளிக்கலாம், உற்பத்தியாளர் அமைப்புகளை வலுப்படுத்தலாம். இவற்றைச் செய்து முடித்த ஊருக்கு இயந்திரம் வரும்போது, அதை வாடகை பேசி அழைக்கும் நிலையில் விவசாயி இருப்பார். செய்யாத ஊரிலோ, இயந்திரம் கேட்கும் விலையைக் கொடுக்கும் நிலையில்தான் அவர் இருப்பார்.